இறக்குதல் பாதியில் நின்றால் கூலி எங்கே போகும்? நெல் கொள்முதல் பணியோட்டத்தில் எரர் ஈவென்ட் சிக்கல்

கங்கைகொண்டான்_டெவ்

வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலையின் நெல் கொள்முதலை, பணியோட்டத்தைப் படமாக வரைவதற்கான தரமான பி.பி.எம்.என். 2.0-இல் வரைந்து, அந்தப் படத்தை இயக்கும் எஞ்சினான கமுண்டா 7-இல் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பிசானப் பருவ நெல் அறுவடை தொடங்கி வண்டிகள் வரிசை கட்டுவதற்குள் இதைச் சீராக்க வேண்டும். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நேர்வழி சுலபம். வண்டி வரும், எடை மேடையில் நெல்லோடு எடை, சாக்கில் குத்தி மாதிரி எடுத்து ஈரப்பதம், விலை பேச்சு, இறக்குதல், வெறும் வண்டி எடை, பில், வங்கி வழியாகப் பணம். இதை மட்டும் வரைந்தால் ஒரு தாளில் அடங்கிவிடும். தொல்லை எல்லாம் இதிலிருந்து விலகும் இடங்களில்தான்.

முதல் சிக்கல் இது. 'இறக்குதல்' என்ற சப்-பிராசஸுக்குள், அதாவது பெரிய ஓட்டத்துக்குள் இருக்கிற சின்ன ஓட்டத்துக்குள், இரண்டு கிளைகள் இணையாக ஓடுகின்றன. ஒன்றில் மூட்டை இறங்குகிறது. மற்றதில் லோடுமேன் மேஸ்திரிக்குக் கூலி முன்பணம் யுபிஐ வழியாகப் போகிறது. மேலே இருக்கிற மூட்டை எல்லாம் அம்பை 16, அடியில் கிடப்பது வேறு ரகம் என்று பாதியில் தெரிந்தால், மேற்பார்வையாளர் டேப்லெட்டில் 'ரகக் கலப்பு' என்று தட்டுவார். அது எரர் எண்ட் ஈவென்ட்டுக்கு, அதாவது தவறு என்று அறிவித்து முடிகிற புள்ளிக்குப் போகும். சப்-பிராசஸின் விளிம்பில் இருக்கிற மின்னல் குறி போட்ட பவுண்டரி ஈவென்ட் அதைப் பிடித்து, 'வண்டியைத் திருப்பு' பக்கம் தள்ளும்.

அந்த நொடியில் கூலிக் கிளையும் அறுந்துவிடுகிறது. ஆனால் வங்கிக்குக் கோரிக்கை ஏற்கெனவே போய்விட்டது. மேஸ்திரி கணக்கில் பணமும் ஏறிவிட்டது. எஞ்சினுக்கு வெளியே இந்த வேலையைச் செய்கிற நம் நிரல், வொர்க்கர், திரும்பி வந்து 'முடிந்தது' என்று சொல்லும்போது, அப்படி ஒரு எக்ஸ்டர்னல் டாஸ்க்கே இல்லை என்று எஞ்சின் 404 தருகிறது. பணம் போனதற்குப் பேரேட்டில் ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது, படத்தின் நிலைமை. எடை மேடை பதில் தராவிட்டால் ஒரு மின்னல், ஈரப்பதமானி இணைப்பு போனால் ஒரு மின்னல், விவசாயி மனம் மாறினால் ஒன்று என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டிக் கிடக்கிறது. ஆலைக்காரர்களிடம் காட்டினால் நெல் எந்த வழியில் போகிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. எதை விதிவிலக்காக வரைவது, எதை விடுவது? நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

வள்ளியூர்_ஆபரேஷன்ஸ்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது சுலபம்.

எடை மேடை பதில் தராதது, ஈரப்பதமானி இணைப்பு போனது, வங்கி சர்வர் நேரம் கடத்துவது எதுவுமே படத்தில் வரக்கூடாது. இவை தொழில்நுட்பக் கோளாறுகள். எஞ்சினே மறுபடி முயலும். கமுண்டா 7-இல் ஒரு ஜாப் தோற்றால் இயல்பாக 3 முறை முயற்சி. அதற்கும் மசியவில்லை என்றால் இன்சிடென்ட் என்று எழுப்பி வைத்துவிடும். எங்களைப் போன்றவர்கள் காக்பிட் என்ற கண்காணிப்புத் திரையில் பார்த்து, கேபிளைச் சரிசெய்துவிட்டு, மறுபடி ஓடவிடுவோம். ஓட்டம் எங்கே நிற்கிறது என்று காட்டும் டோக்கன் அதே இடத்தில் காத்திருக்கும், எதுவும் அறுபடாது. எக்ஸ்டர்னல் டாஸ்க் என்றால் எத்தனை முறை முயலலாம் என்பதை வொர்க்கர்தான் சொல்ல வேண்டும், அதை மறக்க வேண்டாம்.

ஆலை முதலாளிக்கோ மேற்பார்வையாளருக்கோ வேறு முடிவெடுக்க வேண்டிய நிலை வந்தால்தான் அது எரர் ஈவென்ட். ரகக் கலப்பு அப்படிப்பட்டது. எத்தனை தடவை மறுபடி முயன்றாலும் கலந்த நெல் பிரியப்போவதில்லை.

இன்னொன்று. கமுண்டா 7-இல் பி.பி.எம்.என். எரர் எழுந்து யாரும் பிடிக்கவில்லை என்றால், சாதாரண எண்ட் ஈவென்ட் போல அந்தப் பாதை சத்தமில்லாமல் முடிந்துவிடும். லாகில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். இதை விதிவிலக்காக வீசச் சொல்லித் தனி அமைப்பு உண்டு, அதை இயக்கிவிடுங்கள். கமுண்டா 8 இந்த இடத்தில் நேர்மையாக இன்சிடென்ட் எழுப்பும். எரர் குறியீட்டில் ஓர் எழுத்து மாறியதால் ஆர்டர்கள் பாதியிலேயே 'வெற்றிகரமாக' முடிந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியாமல் முடிகிற கோளாறுதான் எனக்குப் பயம், கத்துகிற கோளாறு இல்லை.

பழைய_பிபெல்

தம்பி கேட்ட முதல் கேள்வி சாதாரணமானது இல்லை. பி.பி.எம்.என். விட்டுவைத்த ஓர் ஓட்டை அது. கொஞ்சம் பழங்கதை சொன்னால்தான் விளங்கும்.

2002-இல் ஐ.பி.எம்., மைக்ரோசாஃப்ட், பி.இ.ஏ. ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து, பணியோட்டத்தை எழுதும் மொழியான பிபெல்லின் முதல் பதிப்பை வெளியிட்டன. ஐ.பி.எம்.மின் டபிள்யூ.எஸ்.எஃப்.எல்., மைக்ரோசாஃப்டின் எக்ஸ்லாங் இரண்டையும் இணைத்துப் பிறந்த மொழி. 2007 ஏப்ரலில் தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு அதன் 2.0 பதிப்பைத் தரமாக ஏற்றது. படம் கிடையாது, முழுக்க எக்ஸ்.எம்.எல். கண் வலிக்கும். ஆனால் விதிவிலக்கு விஷயத்தில் அதை எழுதியவர்கள் ஆழமாக யோசித்திருந்தார்கள்.

அதில் எல்லாமே ஸ்கோப்தான், அதாவது வேலைகளை எல்லை போட்டுச் சேர்த்து வைக்கிற கட்டு. ஒரு ஸ்கோப்புக்குத் தவறைப் பிடிக்கும் ஃபால்ட் ஹேண்ட்லர் வைக்கலாம். முடிந்த வேலையை ஈடுகட்டும் காம்பன்சேஷன் ஹேண்ட்லர் வைக்கலாம். 2.0-இல் மூன்றாவதாக டெர்மினேஷன் ஹேண்ட்லரும் வந்தது. வெளியே எங்கேயோ தவறு நடந்து, ஓடிக்கொண்டிருக்கிற உன்னை நிறுத்தப்போகிறார்கள் என்றால், நிற்கும் முன் நீ செய்ய வேண்டியது என்ன என்று எழுதிவைக்கிற இடம் அது. கூலிக் கிளை ஒரு ஸ்கோப்பாக இருந்து, அதன் டெர்மினேஷன் ஹேண்ட்லரில் 'வங்கியிடம் நிலையைக் கேட்டுப் பேரேட்டில் எழுது' என்று இருந்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

பி.பி.எம்.என். 2.0 வெளிவந்தது 2011 ஜனவரியில், 2013-இல் ஐ.எஸ்.ஓ. 19510 ஆனது. ஓடுகிற வேலையைத் தடுக்காத பவுண்டரி ஈவென்ட், மேலே தெரியப்படுத்தும் எஸ்கலேஷன், ஏதாவது நடந்தால் மட்டும் தொடங்கும் ஈவென்ட் சப்-பிராசஸ் எல்லாம் அந்தப் பதிப்பில்தான் வந்தன, நல்ல விஷயங்கள். ஆனால் டெர்மினேஷன் ஹேண்ட்லருக்கு இணையாக ஒன்றும் வரவில்லை. பவுண்டரி எரர் பிடித்ததும் உள்ளே ஓடுவதெல்லாம் நிற்கும். நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பிபெல்லில் ஃபால்ட் ஹேண்ட்லர் எழுதாமல் விட்டால், எஞ்சின் தானாகவே உள்ளே முடிந்துபோன ஸ்கோப்புகளைக் கடைசியில் முடிந்ததிலிருந்து பின்னோக்கி ஈடுகட்டிவிட்டு, அதே தவறை மேலே வீசும். பி.பி.எம்.என்.-இல் நீ வெளிப்படையாகக் காம்பன்சேஷன் ஈவென்ட் எழுப்பினால்தான் உண்டு. எரர் வந்தால் தானாக ஈடுகட்டும் என்று நம்பி வரைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அபிஷேகப்பட்டி_ஆய்வு

அண்ணாச்சி சொன்னதோடு ஆய்வுப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

2006-இல் நிக் ரஸ்ஸல், வில் வான் டெர் ஆல்ஸ்ட், ஆர்தர் டெர் ஹோஃப்ஸ்டெட் மூவரும் பணியோட்ட விதிவிலக்குகளை வகைப்படுத்தினார்கள். வேலை தோற்பது, கெடு தாண்டுவது, ஆளோ கருவியோ கிடைக்காமல் போவது, வெளியிலிருந்து வரும் தூண்டல், விதி மீறப்படுவது என்று ஐந்து காரணங்கள். எனக்கு அதில் பிடித்தது காரணப் பட்டியல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கேட்கிற கேள்விகள்தான். கையில் இருக்கிற வேலையை என்ன செய்வது? அந்த வழக்கு, அதாவது அந்த ஒரு வண்டிக்கான ஓட்டம், முழுவதையும் என்ன செய்வது, தொடர்வதா, அதை மட்டும் நிறுத்துவதா, அதே மாதிரி ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்துவதா? நடந்து முடிந்ததை என்ன செய்வது, விடுவதா, பழைய நிலைக்குத் திருப்புவதா, ஈடுகட்டுவதா?

டெவ் அண்ணன் வரைந்த மின்னல் இந்த மூன்றுக்கும் ஒரே வீச்சில் பதில் சொல்லிவிடுகிறது. இறக்குதல், கூலி இரண்டும் நிற்கும், வழக்கு வேறு பாதையில் தொடரும், நடந்தது அப்படியே கிடக்கும். மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருந்தால் இதே பதில்தான் வந்திருக்குமா?

ஈரப்பதத்தையும் இதில் வைத்துப் பாருங்கள். அதற்கு எரர் ஈவென்ட் போட்டிருக்கிறீர்களா?

கங்கைகொண்டான்_டெவ்

ஆமாம், வரம்பு தாண்டினால் எரர் என்று வைத்திருக்கிறேன். 17 சதவீதம். அரசுக் கொள்முதலில் இருக்கிற அளவையே ஆலையும் வைத்துக்கொண்டிருக்கிறது.

அம்பை_கணக்கு

நான் ஓர் ஆலையில் கணக்குப் பார்ப்பவள். உங்கள் மின்னல், டோக்கன் எல்லாம் எனக்குப் பழக்கமில்லை, ஆனால் நெல் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

ஈரம் கூட இருப்பது எங்களுக்கு விதிவிலக்கே இல்லை தம்பி. கார் பருவ அறுவடை நேரத்தில் வருகிற வண்டிகளில் ஈரம் இல்லாத வண்டியைத்தான் தேட வேண்டும். ஈரம் கூடினால் என்ன செய்வோம்? எடையில் கழிவு பிடித்து வாங்கிக் களத்தில் காயவைப்போம், அல்லது விலையைக் குறைத்துப் பேசுவோம், இரண்டுக்கும் ஒத்துவராவிட்டால் வண்டி திரும்பும். மூன்றும் அன்றாட வேலை. இதற்கு அபாயக் குறி போட்டு வைத்தால் படம் பார்க்கிறவர் ஆலையில் தினமும் தீப்பிடிக்கிறது என்று நினைப்பார்.

அடுத்து கூலி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ரகக் கலப்பு யார் குற்றம்? கொண்டுவந்தவர் குற்றம், இல்லையென்றால் தரகர் குற்றம். லோடுமேன் குற்றம் இல்லை. அவர் இருபது மூட்டை இறக்கினால் இருபது மூட்டைக்குக் கூலி. நெல்லை நாங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது மாறாது. அதோடு, திருப்பி ஏற்றவும் அவர்தான் வர வேண்டும், அதற்கும் கூலி உண்டு. அதை யார் தலையில் போடுவது என்பதுதான் ஆலைக்கும் தரகருக்கும் நடக்கிற பேச்சு.

நெல் நின்றால் கூலியும் நிற்கும் என்று உங்கள் படம் சொல்கிறது. ஆலையில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது.

வள்ளியூர்_ஆபரேஷன்ஸ்

அக்கா சொன்னதுதான் விடை. நாம் எல்லாரும் எஞ்சினைத் தோண்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது என்பதற்காக அவற்றை ஒரே ஸ்கோப்பில் போடக்கூடாது. ஒன்று கெட்டால் மற்றதும் நிற்க வேண்டும் என்றால் மட்டும்தான் ஒரே ஸ்கோப். கூலியை அந்தச் சப்-பிராசஸிலிருந்து வெளியே எடுங்கள்.

பழைய_பிபெல்

வெளியே எடுப்பது இந்தக் கூலிக்குச் சரி. நான் மறுக்கவில்லை. ஆனால் நான் சொன்ன ஓட்டை அதனால் அடைபடாது. தரகருக்குக் கொடுக்கிற முன்பணத்தை எடுத்துக்கொள். அது நெல்லோடு சேர்ந்தது. நெல் வேண்டாம் என்றால் முன்பணமும் போகக்கூடாது, ஒரே ஸ்கோப்தான். அங்கேயும் கோரிக்கை போய், பதில் வருவதற்குள் எரர் வந்தால் இதே கதைதான். அதற்கு என்ன செய்வாய்?

வள்ளியூர்_ஆபரேஷன்ஸ்

அங்கே வங்கியைக் கூப்பிடுகிற வேலையைத் தனிப் பிராசஸாக, படத்தில் தனிப் பெட்டியாக நிற்கும் பூலாக வைத்துவிடுவேன் அண்ணாச்சி. கொள்முதல் பிராசஸ் 'இவ்வளவு அனுப்பு' என்று ஒரு மெசேஜ் கொடுக்கும். அனுப்புகிற பிராசஸ் தன் போக்கில் வங்கியிடம் பேசி, பேரேட்டில் எழுதி, பதில் மெசேஜ் தரும். எரர் ஈவென்ட் ஒரு பூலிலிருந்து இன்னொரு பூலுக்குப் பாயாது, தன் ஸ்கோப்பிலும் அதற்கு மேலே இருப்பவற்றிலும்தான் ஏறும். கொள்முதல் பக்கம் என்ன அறுந்தாலும் பணம் அனுப்புகிற பக்கம் முழுசாக முடிந்துதான் நிற்கும். பேரேடு ஓட்டையாகாது.

நிறுத்த வேண்டும் என்றால் எரர் பாதையிலிருந்து 'அனுப்பாதே' என்று இன்னொரு மெசேஜ். இன்னும் அனுப்பவில்லை என்றால் நிறுத்தும், அனுப்பியாகிவிட்டது என்றால் 'போய்விட்டது, திரும்ப வாங்கு' என்று பதில் வரும். கோரிக்கைக்கு ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் இரண்டாம் முறை பணம் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினே மறுபடி முயலும் என்று மேலே சொன்னேனே, அந்த எண் இல்லாவிட்டால் மேஸ்திரிக்கு இரட்டைக் கூலி.

கால் ஆக்டிவிட்டியாக, அதாவது கொள்முதலே இன்னொரு பிராசஸைக் கூப்பிட்டுக் காத்திருப்பதாக வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கூப்பிட்ட ஸ்கோப் அறுந்தால் கூப்பிடப்பட்ட பிராசஸும் சேர்ந்து சாகும்.

பழைய_பிபெல்

சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். மொழி தராததைக் கட்டமைப்பால் தருகிறாய். படத்தில் ஒரு பூல் கூடும், பரவாயில்லை. பணம் தனி வாழ்க்கை உள்ளது என்பதைப் படம் வெளிப்படையாகக் காட்டுவது நல்லதுதான்.

கங்கைகொண்டான்_டெவ்

அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் நன்றி. கூலியையும் முன்பணத்தையும் தனிப் பூலுக்கு மாற்றுகிறேன். ஈரப்பதத்தை வழி பிரிக்கும் சாதாரண கேட்வேயாக வைத்து, மூன்று வழிகளையும் நேர்வழியிலேயே வரைகிறேன்.

இப்போது அடுத்த கேள்வி. இருபது மூட்டை இறங்கிவிட்டது, எரர் வந்தது. 'மூட்டை இறக்குதல்' டாஸ்க்குக்குக் காம்பன்சேஷன் ஹேண்ட்லராக 'மூட்டையைத் திருப்பி ஏற்று' என்று இணைத்திருக்கிறேன். எரர் பாதையில் காம்பன்சேஷன் ஈவென்ட் எழுப்பினாலும் அது ஓடவே இல்லை. டிரான்சாக்ஷன் சப்-பிராசஸாக மாற்றினால் ஓடுமா?

பழைய_பிபெல்

ஓடாது, ஓடவும் கூடாது. காம்பன்சேஷன் என்பது முழுசாக முடிந்த வேலைக்கு மட்டும். ஒரு டாஸ்க் வெற்றிகரமாக முடிந்த பிறகுதான் அதன் ஹேண்ட்லர் தயார் நிலைக்கு வரும். உன் 'இறக்குதல்' முடியவில்லை, பாதியில் அறுந்தது. எஞ்சினைப் பொறுத்தவரை ஈடுகட்ட அங்கே ஒன்றுமே இல்லை. பிபெல்லிலும் இதே விதிதான். முடிந்த ஸ்கோப்பைக் காம்பன்சேஷன் ஹேண்ட்லர் பார்க்கும், முடியாததை ஃபால்ட் ஹேண்ட்லர் பார்க்கும்.

இதற்கு வேர் 1987-இல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் எழுதிய சாகா கட்டுரை. நீண்ட பரிவர்த்தனையைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஈடுகட்டும் வேலை வைப்பது. ஒவ்வொரு துண்டும் முழுசாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது என்ற அடிப்படையில்தான் அது நிற்கிறது. தரவுத்தளத்துக்கு அந்த உறுதி உண்டு. லாரியிலிருந்து மூட்டை இறக்குவதற்கு அந்த உறுதி கிடையாது. பாதி மூட்டை தரையில், பாதி வண்டியில் என்று அது நிற்கும்.

டிரான்சாக்ஷன் சப்-பிராசஸ் இரட்டைக் கோடு போட்டு அழகாக இருக்கும், ஆனால் இந்த விதியை மாற்றாது. அதில் கேன்சல் எண்ட் ஈவென்ட்டுக்குப் போனால் உள்ளே முடிந்தவை ஈடுகட்டப்படும். எரரோடு வெளியேறினால் ஈடுகட்டல் இல்லாமலே அறுந்துவிடும். பேரில் டிரான்சாக்ஷன் இருப்பதால் எரருக்கும் எல்லாம் பின்வாங்கும் என்று நினைத்துவிடாதே.

அபிஷேகப்பட்டி_ஆய்வு

ஒரு யோசனை. இறக்குதலை மல்டி-இன்ஸ்டன்ஸாக, ஒரே வேலை பல தடவை ஓடுவதாக வைத்து, பத்துப் பத்து மூட்டையாக ஓர் இன்ஸ்டன்ஸ் என்று வெட்டினால்? முடிந்த ஒவ்வொரு பத்துக்கும் காம்பன்சேஷன் தயாராக இருக்கும். எரர் வந்த பத்து மட்டும்தான் அரைகுறை.

வள்ளியூர்_ஆபரேஷன்ஸ்

தாளில் நன்றாக இருக்கிறது தம்பி, ஓட்டும்போது வேண்டாம். மல்டி-இன்ஸ்டன்ஸ் விளிம்பில் எரர் பிடித்தால் மிச்சம் எல்லா இன்ஸ்டன்ஸும் சேர்ந்து நிற்கும். அந்த நேரத்தில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று மேற்பார்வையாளர் டேப்லெட்டில் ஒவ்வொரு பத்துக்கும் தட்டியிருக்க வேண்டும். மூட்டை இறங்குகிற வேகத்தில் யார் தட்டப்போகிறார்கள்? கணினி 'இரண்டு பத்து முடிந்தது' என்று சொல்லும், தரையில் முப்பத்தேழு மூட்டை இருக்கும்.

அம்பை_கணக்கு

முப்பத்தேழு மூட்டையை யாரும் எண்ணி நிற்க மாட்டார்கள். நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன்.

இறக்குதல் நின்றதும் வண்டியை அப்படியே மறுபடி எடை மேடையில் ஏற்றுவோம். வந்தபோது இருந்த எடையிலிருந்து இதைக் கழித்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கிலோவில் வந்துவிடும். அப்புறம்தான் பேச்சு. சில நேரம் தரகர் 'இறங்கினது நல்ல நெல்தானே, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார். முதலாளி சரி என்றால் இறங்கினதுக்கு மட்டும் பில், மிச்சம் வண்டியோடு போகும். இல்லை, முழுசும் வேண்டாம் என்றால் திருப்பி ஏற்றி, வெளியே போகும்போது மறுபடி எடை. வந்த எடையும் போகிற எடையும் ஒத்துப்போனால்தான் வாசலில் விடுவோம். ஒரு மூட்டை குறைந்தால் சண்டை எங்கள் மேல் வரும்.

திருப்பி ஏற்றுவது தானாக நடக்கிற காரியம் இல்லை, இரண்டில் ஒரு முடிவு. அந்த முடிவை எடுக்கிறவர் முதலாளி, மேற்பார்வையாளர் கூட இல்லை.

பழைய_பிபெல்

இதை அப்படியே வரை தம்பி. எரர் பாதையில் முதல் டாஸ்க் 'இடை எடை', அடுத்து முதலாளியின் முடிவு, பிறகு இரண்டு கிளைகள். காம்பன்சேஷன் இங்கே வேண்டாம். அது பில் போட்டு முடிந்த பிறகு குறை தெரிகிற இடத்துக்கு. அங்கே 'பில் போடு' முழுசாக முடிந்த வேலை, அதற்கு ஈடு எதிர்ப்பதிவு. கணக்கில் எதையும் அழிப்பதில்லை, எதிர்ப்பக்கம் இன்னொரு வரி எழுதுகிறோம். காம்பன்சேஷன் செய்வதும் இதையேதான்.

பில்லை ஒரு சப்-பிராசஸாக வைத்தால் ஒரு நன்மை உண்டு. அதன் காம்பன்சேஷன் ஹேண்ட்லருக்கு, அந்தச் சப்-பிராசஸ் முடிந்த நேரத்தில் அதற்குள் இருந்த தரவின் நகல் கிடைக்கும். பிறகு யாராவது கழிவு சதவீதத்தை மாற்றியிருந்தாலும், எந்த எடைக்கு எந்த விலையில் பில் போட்டோமோ அதே தொகைக்கு எதிர்ப்பதிவு விழும். ஆனால் எடையையும் விலையையும் அந்தச் சப்-பிராசஸின் உள்மாறியாக வைத்திருக்க வேண்டும். வெளியே பிராசஸ் மட்டத்தில் வைத்தால் மாறின மதிப்புதான் கிடைக்கும்.

கங்கைகொண்டான்_டெவ்

இது தெளிவு. இனி எஸ்கலேஷனைப் பற்றிக் கேட்கிறேன். விலை பேச்சு இழுத்துக்கொண்டே போனால் முதலாளிக்குத் தகவல் போக வேண்டும், ஆனால் பேச்சு நிற்கக் கூடாது. இப்போது டைமர் வைத்து, அது எரராக மாறி, பேச்சையே வெட்டிவிடுகிறது.

வள்ளியூர்_ஆபரேஷன்ஸ்

எரர் பவுண்டரி எப்போதும் வெட்டும், வேறு வழியே அதற்கு இல்லை. உங்களுக்கு வேண்டியது தடுக்காத டைமர், இடைவிட்ட கோட்டில் வட்டம் போடுவது. பேச்சு அது பாட்டுக்கு நடக்கும், பக்கத்தில் இன்னொரு டோக்கன் கிளம்பி முதலாளிக்குச் செய்தி சொல்லும். சப்-பிராசஸுக்கு உள்ளே இருந்தே 'இதை மேலே தெரியப்படுத்து' என்று சொல்ல வேண்டுமென்றால் எஸ்கலேஷன். அதை நடுவழியிலும் எழுப்பலாம், எழுப்பிவிட்டுத் தொடரலாம். படத்தில் எரரை எழுப்ப எண்ட் ஈவென்ட் மட்டும்தான், நடுவழியில் முடியாது.

அபிஷேகப்பட்டி_ஆய்வு

களத்தில் நெல் காயும்போது மழை வந்தால் எப்படி வைத்திருக்கிறீர்கள்? மெசேஜ் என்றால் ஓர் இன்ஸ்டன்ஸுக்கு மட்டும்தான் போகும். சிக்னல் வைத்தால் ஒரு தடவை எழுப்பினால் போதும், காத்திருக்கிற எல்லாருக்கும் கேட்கும். 'காயவைத்தல்' சப்-பிராசஸுக்குள் சிக்னலில் தொடங்கும் ஈவென்ட் சப்-பிராசஸ் ஒன்று வையுங்கள். அந்த நேரத்தில் களத்தில் நெல் இருக்கிற வழக்குகள் மட்டும் அதைப் பிடிக்கும், எடை மேடையில் நிற்கிற வண்டிக்குத் தொந்தரவு இருக்காது.

அம்பை_கணக்கு

மழை என்றதும் ஒன்று கேட்க வேண்டும். சாதாரண மழைக்குத் தார்ப்பாய் போதும். 2023 டிசம்பர் 17, 18-இல் வந்ததற்கு உங்கள் படத்தில் என்ன பதில்?

ஆற்றில் வெள்ளம், மின்சாரம் இல்லை, நெட் இல்லை, வெளியூர் நெல் ஏற்றி வந்த வண்டிகள் வாசலில். எடைச் சீட்டுப் புத்தகத்தில் கையால் எழுதினோம். சிலருக்குக் கையில் ரொக்கம் கொடுத்தோம், சிலர் வண்டியை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார்கள். எல்லாம் சரியான பிறகு அதைக் கணினியில் ஏற்றும்போதுதான் பெரிய வேதனை. வண்டி இப்போதுதான் வருகிறது என்று நினைத்து அது முதலிலிருந்து எடை கேட்கிறது. பணம் கொடுத்தாகிவிட்டது என்று சொல்ல வழியே இல்லை. இதைப் பற்றி எந்த வித்துவானும் யோசிக்கவில்லையா?

அபிஷேகப்பட்டி_ஆய்வு

யோசித்திருக்கிறார்கள் அக்கா. ஏடரும் லீப்ஹார்ட்டும் 1995-இலேயே எதிர்பார்த்த விதிவிலக்கு, எதிர்பாராதது என்று பிரித்தார்கள். எதிர்பார்த்ததைத்தான் படத்தில் வரைய முடியும். எதிர்பாராததற்கு, ஓடிக்கொண்டிருக்கிற வழக்கையே மனிதர் கைவைத்து மாற்ற வழி வேண்டும். ஜெர்மனியில் உல்ம் பல்கலைக்கழகத்தில் ரைஷெர்ட், தாதம் இருவரும் அடெப்ட் என்று உருவாக்கியது அதற்காகத்தான். ஓடுகிற ஒரு வழக்கில் மட்டும் ஒரு வேலையைச் சேர்க்கலாம், நீக்கலாம், நகர்த்தலாம், அப்படிச் செய்தாலும் ஓட்டம் உடையாது என்று எஞ்சின் சரிபார்க்கும். யால் என்ற பணியோட்ட மொழியில் வொர்க்லெட், எக்ஸ்லெட் என்று, விதிவிலக்கு வந்த பிறகு அதற்கான சின்னப் பணியோட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும் முறை இருக்கிறது. அடுத்த தடவை அதே சூழல் வந்தால் அதையே எடுத்துக்கொள்ளும்.

வள்ளியூர்_ஆபரேஷன்ஸ்

கமுண்டாவிலும் இதற்கு வழி உண்டு, இன்ஸ்டன்ஸ் மாடிஃபிகேஷன் என்று. ஓடுகிற வழக்கின் டோக்கனை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம். புதிதாகத் தொடங்கும் வழக்கையும் நடுவிலிருந்தே தொடங்கலாம். வெள்ளத்தில் கையால் எழுதிய வண்டிக்கு, எடைகளைத் தரவாகக் கொடுத்து 'பில்' டாஸ்க்குக்கு முன்னால் தொடங்கச் சொன்னால் அது எடை கேட்காது. ரொக்கம் கொடுத்தது என்றால் பணம் அனுப்புகிற டாஸ்க்குக்குப் பின்னால் தொடங்கலாம், ரொக்க ரசீது எண்ணைத் தரவாகச் சேர்த்து.

ஆனால் இதை நான் காக்பிட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்வது சரியில்லை. எந்த வண்டிக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அக்காவுக்குத்தான் தெரியும். அதனால் டெவ், படத்திலேயே இரண்டாவதாக ஒரு ஸ்டார்ட் ஈவென்ட் வையுங்கள், 'சீட்டுப் புத்தகத்திலிருந்து பதிவு' என்று. எது முடிந்திருக்கிறது என்று ஒரு படிவம் கேட்கும், ஒரு கேட்வே அதற்கேற்ற இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைக் கணக்குப் பிரிவு கையில் கொடுங்கள்.

அம்பை_கணக்கு

இது கிடைத்தால் எங்களுக்கு அது போதும். சாதாரண நாளிலும் மின்வெட்டுக்கு இதுவே உதவும்.

கங்கைகொண்டான்_டெவ்

மாற்றிய படம் இப்படி வந்திருக்கிறது. கொள்முதல் பூலில் மொத்தமே இரண்டு எரர்கள், ரகக் கலப்பு, எடை ஒவ்வாமை. இறக்குதல் ஆரம்பிக்கும் முன் விவசாயி வண்டியைத் திருப்பிக்கொண்டு போவது மெசேஜ். தாமதம் தடுக்காத டைமர். மழை, காயவைத்தலுக்குள் சிக்னல். பணம் தனிப் பூல். தொழில்நுட்பக் கோளாறு எதுவும் படத்தில் இல்லை. இரண்டாவது ஸ்டார்ட் ஈவென்ட் சேர்த்தாகிவிட்டது. ஆலை முதலாளியிடம் காட்டினேன், நெல் போகிற பாதையில் விரல் வைத்துக் கடைசிவரை அவரே சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ரகக் கலப்பு எரர் இறக்குதலுக்குள் எழுகிறது. முதலாளி 'இறங்கினதை மட்டும் எடுத்துக்கொள்' என்றால் நேர்வழியில் இருக்கிற 'பில்'லுக்கே சேர்த்துவிடலாமா, இல்லை அதற்குத் தனி பில் வரைய வேண்டுமா?

பழைய_பிபெல்

அதே பில்லுக்குச் சேர்த்துவிடு. பவுண்டரியிலிருந்து கிளம்பின பாதை நேர்வழியில் மறுபடி சேர்வதில் தடை ஒன்றும் இல்லை. எக்ஸ்குளூசிவ் கேட்வேயில் சேர். பேரலல் கேட்வேயில் சேர்த்தால் வராத டோக்கனுக்காக அது காத்துக்கொண்டே கிடக்கும். பில்லுக்குப் போகிற நிகர எடையை எங்கிருந்து எடுப்பது என்பதைப் பார்த்துக்கொள். நேர்வழியில் வந்தால் வெறும் வண்டி எடையைக் கழிக்கிறாய். இந்த வழியில் வந்தால் இடை எடையைக் கழிக்க வேண்டும்.

அம்பை_கணக்கு

இன்னொன்று. அந்த பில்லில் மூன்று எடையும் வர வேண்டும். உள்ளே வந்தது, இடையில் போட்டது, மிச்ச நெல்லோடு வெளியே போனது. இடை எடையும் வெளியே போன எடையும் ஒத்திருந்தால்தான் வாசலில் கையெழுத்து. உங்கள் 'எடை ஒவ்வாமை'யை அந்த இடத்திலும் போட்டுவிடுங்கள் தம்பி.

கங்கைகொண்டான்_டெவ்

போட்டுவிடுகிறேன் அக்கா. அதே எரர் குறியீட்டையே அங்கேயும் வைக்கிறேன், அதைப் பிடிக்கிற பவுண்டரியை வாசல் சப்-பிராசஸில் வைத்துவிட்டு, யாரும் பிடிக்காமல் விட்டால் கத்தும்படி வள்ளியூர் அண்ணன் சொன்ன அமைப்பையும் இயக்கிவிடுகிறேன்.